புதியவர்களுக்கு விட்டுவைத்தது

"என்னங்க, கொஞ்சம் வாங்க."

மனைவி சத்தம் போட்டுக் கூப்பிட்டால் சல்லடை பதறமாட்டான். மூன்றாவது சத்தத்துக்கு எழுந்து போனால் போதும் என்பது கல்யாணமான புதிதிலேயே அவன் கண்டுகொண்ட கணக்கு. இன்று அவள் சத்தமே போடவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் பேசுகிற மாதிரி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையிலிருந்து தணிந்த குரலில் கூப்பிட்டாள். அதைக் கேட்டதும் அவன் தேநீர்க் குவளையைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினான்.

அந்தக் கொட்டகைதான் அவளுடைய குஞ்சு பொரிப்பகம். ஒரு ஓரத்தில் கழுவித் துடைத்த தட்டுகள், இன்னொரு ஓரத்தில் தவிட்டு மூட்டை, நடுவில் பீரோ உயரத்துக்கு இன்குபேட்டர். அதன் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, ஒரு முட்டையை மூடிய கண்ணின் இமைமேல் ஒற்றியபடி நின்றுகொண்டிருந்தாள். சூடு பார்க்க அவள் கையை நம்புவதில்லை. நாள் முழுக்கத் தண்ணீரிலும் தவிட்டிலும் கிடக்கிற கைக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது என்பாள். இமைத்தோல் மெல்லியது, அது ஏமாறாது.

"ஆறிப்போயிருக்கு" என்றாள்.

சல்லடை கதவுக்கு மேலே இருந்த சின்னத் திரையைப் பார்த்தான். பச்சை எழுத்தில் முப்பத்தேழு புள்ளி ஏழு. இருக்க வேண்டிய சூட்டுக்கு ஒரு நூல் மேலே.

"சரியாத்தானே காட்டுது?"

"திரைக்கு என்ன, அது காட்டும். நீங்க முட்டையைத் தொட்டுப் பாருங்க."

வாங்கி இமையில் வைத்தான். கிணற்றடிக் கல்லைப் போல இருந்தது. இன்னும் ஐந்தாறு நாளில் ஓட்டை உடைத்துக்கொண்டு வர வேண்டிய உயிர் அதற்குள் இருந்தது. அவன் மறுபடியும் திரையைப் பார்த்தான். அதே எண். கதவு திறந்து கிடக்கிறது, காலைக் காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, எண் மட்டும் ஒரு புள்ளி கூட அசையவில்லை. என்ன நடந்திருக்கிறது என்று அந்த நொடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை.

மைத்துனன் உள்ளே வந்தான். அக்காவோடு சேர்ந்து பொரிப்பகத்தைப் பார்த்துக்கொள்பவன், முப்பது வயதைத் தாண்டிய ஆள். வேலையில் கெட்டிக்காரன்தான், ஆனால் திட்டு வாங்குவதற்கென்றே அளவெடுத்துச் செய்த முகம். குனிந்து கீழ்த்தட்டை இழுத்துப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா... சென்சார் ஒயரு கழண்டு தொங்குது."

"யாரு கழட்டினது?"

"நேத்து சாயங்காலம் தண்ணித்தட்டைக் கழுவ எடுத்தேன். அப்போ தட்டுல மாட்டிக் கழண்டிருக்கும் போல."

"போலவா? சூடு பாக்குற ஒயரைப் பிடுங்கிப் போட்டுட்டுப் போய்ப் படுத்துத் தூங்கியிருக்கே. போலன்னு வேற சொல்றியா?"

"திரையைப் பாத்துட்டுத்தான்க்கா போனேன். எண்ணு சரியா இருந்துது. சத்தியமா பாத்தேன்."

"பாத்தானாம்! முட்டையை ஒரு தடவை தொட்டுப் பாத்தியா?"

சல்லடை குனிந்து ஒயரை எடுத்து அதன் இடத்தில் செருகினான். திரையில் இருந்த எண் ஒரு துள்ளு துள்ளி இருபத்தெட்டில் வந்து நின்றது. உள்ளே ஹீட்டர் சிவந்து முனக ஆரம்பித்தது. அதுவரை அது எரியவே இல்லை. சென்சார் செத்த பிறகும் திரை கடைசியாக வந்த எண்ணையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த எண் ஒரு நூல் அதிகமாக இருந்ததால், சூடு போதும் போதும் என்று இன்குபேட்டர் ஹீட்டரை அணைத்தே வைத்திருக்கிறது. எண் மாறாததால் கைப்பேசியில் எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. முந்தின சாயங்காலத்திலிருந்து இப்படித்தான்.

அக்கா தம்பியைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தாள். சல்லடை குறுக்கே பேசியிருக்கலாம். பேசவில்லை. பேச வேண்டிய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, அவன் அதை மென்று விழுங்கினான். இதை அழகாகச் சொல்ல வழியில்லை, கோழைத்தனம்தான்.

ஏனென்றால் அந்த இன்குபேட்டரை நடத்துகிற மென்பொருள் அவனும் அவனைப் போன்ற சிலரும் சும்மா செய்து கொடுத்தது. அடைகாப்பு என்று அதற்குப் பேர். எவரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காததைத் திருத்தி அனுப்பலாம். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் வேலை முடிந்த நேரத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள். முகம் பார்த்ததில்லை, ஆளுக்கொரு புனைபெயர்தான். வெளியிலிருந்து வருகிற திருத்தங்களைச் சலித்துப் பார்த்து, நல்லதைச் சேர்த்து மற்றதைத் திருப்பி அனுப்புவது இவன் வேலை. கல்லும் உமியும் இவனைத் தாண்டிப் போகாது என்பதால் அங்கே யாரோ கிண்டலுக்குச் சல்லடை என்று பேர் வைத்தார்கள். வீட்டில் மனைவிக்குத் தெரியவந்ததும் அவளும் அதையே பிடித்துக்கொண்டாள்.

பேர் வாங்கினது சும்மா இல்லை. அவன் கண்டிப்பில்தான் அடைகாப்பு கௌரவமாக நிற்கிறது என்று அவனும் நம்பினான், மற்றவர்களும் சொன்னார்கள். மனைவியின் பழைய இன்குபேட்டரில் திருகிச் சூடு வைக்கிற ஒரு குமிழ் இருந்தது. அதைக் கழற்ற அவளுக்கு மனமே வரவில்லை. இவன்தான் ஒரு மாதம் விடாமல் பேசிக் கழற்ற வைத்து, அந்த இடத்தில் அடைகாப்பைப் பொருத்தினான்.

கேட்டால் சிரிப்பு வரும், அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கண்ணில் படுகிற பிழைகளில் சுலபமானவற்றைப் பழைய ஆட்கள் தொடமாட்டார்கள். அவற்றுக்குப் 'புதியவர்களுக்கு' என்று சீட்டு ஒட்டி, ஒரு கூடையில் போடுவது போலத் தனியே வைப்பார்கள். புதிதாக வருகிறவர் கடினமான வேலையில் கைவைத்தால் மிரண்டு ஓடிவிடுவார். சின்னதாக ஒன்றைத் திருத்திச் சேர்த்துவிட்டால் ருசி கண்டு தங்கிவிடுவார். சல்லடையே பல வருடத்துக்கு முன் அப்படி வந்து ஒட்டிக்கொண்டவன்தான். சென்சாரிலிருந்து தகவல் வராவிட்டால் பழைய எண்ணை எடுத்துவிட்டுக் கோடு காட்டு, மணியை அடி, ஹீட்டரைப் பழைய எண்ணை நம்பி நடத்தாதே என்கிற திருத்தம் அந்தக் கூடையில்தான் கிடந்தது. நாலைந்து வரி வேலை. சீட்டு ஒட்டியது இவன் கை.

கூடையிலிருந்து அதை ஒருவர் எடுக்கவும் எடுத்தார். தூக்கணாங்குருவி என்று புனைபெயர். ஆணா பெண்ணா, எந்த மூலை, ஒன்றும் தெரியாது. திருத்தி அனுப்பினார். திருத்தம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற சோதனை எழுதவில்லை என்று சல்லடை திருப்பினான். எழுதி அனுப்பினார். இரண்டு வேலையை ஒன்றாகக் கலந்திருக்கிறீர்கள், பிரித்து அனுப்புங்கள் என்று திருப்பினான். பிரித்து அனுப்பினார். இப்போது பார்க்க லட்சணமாக இல்லை, நம் நடைக்கு ஒத்துவரவில்லை என்று மறுபடி திருப்பினான். அதற்குப் பிறகு குருவியிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை. எடுத்தவர் இருக்கும்போது வேறொருவர் கைவைப்பது மரியாதை இல்லை என்பதால் அது அப்படியே கிடந்தது.

இந்தக் கதை முழுவதும் ஹீட்டர் முனகுகிற சத்தத்தில் சல்லடையின் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்பவே விளக்குல வெச்சு உயிரு இருக்கான்னு பாத்துடலாமா?" என்று மைத்துனன் கேட்டான்.

"இப்ப பாத்தா எல்லாம் செத்த மாதிரிதான் கெடக்கும். விறைச்சுப் போயிருக்கு. மெதுவா சூடேறட்டும், மத்தியானத்துக்கு மேல பாக்கலாம்" என்றாள். குரலில் சூடு போய்விட்டிருந்தது. அவள் திட்டும்போதுகூட அவனுக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

சாதாரணச் சரக்கு இல்லை அந்த முட்டைகள். மூன்று கோழித் தலைமுறையாக அவளே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த கோழிகளுடையவை. நோயில் கோழிகளையெல்லாம் பறிகொடுத்த பண்ணைக்காரம்மா ஒருத்தி, உன்னிடம் வாங்கித்தான் மறுபடி ஆரம்பிப்பேன் என்று கூண்டைச் சுத்தம் செய்து வைத்துக் காத்திருக்கிறாள். ஒரே தடவையாக அடைவைத்த இந்த ஈடு தவறினால் அவள் வேறு இடம் பார்ப்பாள். அவள் சொல்லி வந்தவர்களும் போவார்கள். பொரிப்பகத்தின் பேர் போய்விடும், அது மனைவியின் பேர்.

முற்பகல் முழுக்க மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். அவள் ஈரப்பதத்துக்கு வெந்நீர் ஊற்றினாள். மைத்துனன், யாரும் சொல்லாமலே, ஏற்கெனவே கழுவின தட்டுகளைத் திரும்பவும் கழுவினான். வெளியே மேகம் மூடிக்கொண்டு, மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல் ஒரே புழுக்கம். சல்லடை அலுவலகத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒயர்களை இழுத்துக் கட்டினான். கட்டின ஒயரையே அவிழ்த்துக் கட்டினான்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மைத்துனன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"சாப்பிடுடா" என்றாள் அக்கா.

"இறங்கலக்கா. நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. இனிமே உள்ள வேலையை நீயே பாத்துக்கோ. நான் தீவனம் எடுத்துப் போறது, கூண்டு கழுவுறதுன்னு வெளி வேலையா பாக்குறேன். என் கை ராசி இல்ல."

அவள் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசுவாள் என்று சல்லடை எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். அவளோ தண்ணீர்க் குவளையைத் தம்பி பக்கம் நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான். சரி என்று அர்த்தம். அதற்குமேல் சல்லடையால் முடியவில்லை.

"தப்பு அவன் மேல இல்ல" என்றான்.

"ஒயரைப் பிடுங்கினது யாரு பின்ன? நீங்களா?"

"ஒயரு யார் கை பட்டாலும் கழண்டுக்கும். எலி கடிச்சாலும் கழண்டுக்கும். கழண்டா திரை சொல்லணும். சொல்லாம பழைய எண்ணையே காட்டிக்கிட்டு நின்னுச்சு பாரு, அதுதான் தப்பு. அது எனக்கு முன்னமே தெரியும்."

அவள் கை பிசைந்த சோற்றில் அப்படியே நின்றது.

"தெரியும்னா?"

"அப்படி ஒரு பிழை இருக்குன்னு தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

"என் முட்டையை உள்ள வெக்கிறதுக்கு முன்னாடியிருந்தா?"

"ஆமா."

மைத்துனன் தலையைத் தூக்கி அக்காவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அதைச் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அவள் கேட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. கடையில் விலை கேட்பது போலக் கேட்டாள்.

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

"அப்புறம் ஏன் பண்ணல?"

"சின்ன வேலைன்னு... புதுசா வர்றவங்க பண்ணட்டும்னு விட்டு வெச்சிருந்தோம். அது எங்க வழக்கம்."

"விருந்தாளி வருவாங்கன்னு பலகாரத்தை எடுத்து ஒளிச்சு வெக்கிற மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"விருந்தாளி வந்தாங்களா இல்லையா?"

"வந்தாங்க."

"வந்து?"

அவன் எழுந்து போய் மடிக்கணினியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான். வாயால் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அவள் இடது கையால் நகர்த்தி நகர்த்தி, குருவி எழுதினதையும் இவன் எழுதினதையும் முதலிலிருந்து படித்தாள். அவளுக்குப் புரியாத பகுதிகளை விட்டுவிட்டாள். புரிந்த ஒன்றைச் சத்தமாகப் படித்தாள்.

"'வணக்கம். இது என் முதல் திருத்தம், தவறு இருந்தால் மன்னிக்கவும். எங்கள் வீட்டு இன்குபேட்டரில் இந்தப் பிழையால் ஒரு ஈடு முழுவதும் போய்விட்டது. இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்று அனுப்புகிறேன்.'" நிறுத்தி அவனைப் பார்த்தாள். "இதை நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு என்ன பதில் போட்டிருக்கீங்க தெரியுமா? 'நன்றி. சோதனை இல்லை. சேர்த்து அனுப்பவும்.' ஒரு வீட்டுல அத்தனையும் செத்துப் போச்சுன்னு எழுதியிருக்காங்க. அய்யோ பாவம்னு ஒரு வார்த்தை போட்டா உங்க சல்லடை கிழிஞ்சிடுமா?"

அவன் அந்த வரியைப் படித்தது உண்மை. திருத்தத்துக்கு வெளியே இருந்த வரி என்பதால் அதைத் தாண்டிப் போனதும் உண்மை. வெட்கமாக இருந்தது.

"சரியா இல்லாததைச் சேத்துட்டா நாளைக்கு வேற எங்கேயாவது உடையும். அதுக்காகத்தான்..." என்று ஆரம்பித்தான்.

"இதுல சரியா இல்லாதது என்ன? கடைசியா எதுக்குத் திருப்பினீங்க?"

"வேலை செய்யும். பாக்க அழகா இல்ல."

"அழகா இல்ல" என்று திரும்பச் சொன்னாள். "பொண்ணு பாக்கப் போனீங்களா?"

மைத்துனனுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது போல அடக்கிக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை.

"இது மாதிரி எத்தனை வீட்டுல ஓடுது?"

"தெரியாது. எடுத்துக்கிறவங்க யாரும் சொல்லிட்டு எடுக்கிறதில்ல. நூத்துக்கணக்குல இருக்கும்."

"இப்போ, இந்த நிமிஷம், எங்கேயாவது ஒயரு கழண்டு கெடக்கலாம் இல்ல?"

"கெடக்கலாம்."

"அப்போ என்கிட்ட என்ன பேச்சு? போய் அவங்களுக்குச் சொல்லுங்க. என் சண்டையை அப்புறம் போட்டுக்கறேன், அது எங்கேயும் ஓடிப் போகாது."

சல்லடை மேசையிலேயே உட்கார்ந்து எழுதினான். அங்கே ஒரு சட்டம் உண்டு, எதைச் சேர்ப்பதானாலும் இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஆளுக்கு ஆந்தை என்று பேர், இவனைவிடப் பழைய ஆள். நல்லவேளை, ஆந்தை விழித்திருந்தது. குருவியின் திருத்தத்தை இருக்கிறபடியே சேர்க்கப்போகிறேன், எல்லோரும் பார்க்கும்படி இந்த எச்சரிக்கையைப் போடப்போகிறேன் என்று எழுதிக் காட்டினான்.

ஆந்தையிடமிருந்து உடனே பதில் வந்தது. திருத்தத்துக்குச் சம்மதம். ஆனால் எச்சரிக்கையில், பிழை நமக்கு முன்பே தெரியும் என்ற வாக்கியம் எதற்கு? அது இல்லாமலும் செய்தி போய்ச் சேருமே. நம்மை நம்பி வைத்திருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

சல்லடை தட்டச்சுப் பலகையின் மேல் விரலை வைத்துக்கொண்டு யோசித்தான். ஆந்தை சொல்வதில் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டால் அது ஒரு சாதாரணப் பிழை, யாருக்கும் வரக்கூடியது. அவன் நிமிர்ந்து பார்த்தபோது மைத்துனன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அடுத்தவன் தப்பைச் சுமந்துகொண்டு தட்டு கழுவின ஆள். வாக்கியத்தை எடுக்காமலே அனுப்பினான். குருவிக்கும் தனியாக எழுதினான். உங்கள் திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன், முதல் நாளே சேர்த்திருக்க வேண்டும், தாமதத்தால் எங்கள் வீட்டிலேயே இது நடந்துவிட்டது, மன்னியுங்கள் என்று.

பிறகு விளக்கில் பார்க்கிற வேலை. கொட்டகையின் சன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். தகர டப்பாவில் ஓட்டை போட்டு உள்ளே பல்பு வைத்த விளக்கு. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து முட்டையை ஓட்டையின் மேல் வைப்பாள். மைத்துனன் தட்டைக் கொண்டுவந்து தருவான். உயிர் இருப்பதை வலப்பக்கமும் இல்லாததை இடப்பக்கமும் அவள் நீட்ட, சல்லடை வாங்கி அடுக்க வேண்டும்.

கீழ்த்தட்டிலிருந்து ஆரம்பித்தாள். முதல் முட்டையை வைத்து, சுற்றி, மறுபடி சுற்றிப் பார்த்தாள். உள்ளே கருப்பாக ஒரு திரள், அசையாமல் கிடந்தது. இடப்பக்கம் நீட்டினாள். அடுத்ததும் இடப்பக்கம். அதற்கடுத்ததும். ஹீட்டரின் முனகலும், முட்டை தட்டில் உட்காரும் சின்னச் சத்தமும்தான். கீழ்த்தட்டு முழுவதும் சல்லடையின் இடக்கைப் பக்கமே போய்ச் சேர்ந்தது. சூடு ஏறின முட்டைகள், கையில் வாங்கும்போது உயிரோடு இருப்பவை போலவே இருந்தன. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

நடுத்தட்டில் மூன்றாவது முட்டையில் அவள் கை நின்றது.

"அசையுது" என்றாள்.

மைத்துனன் குனிந்து பார்த்தான். "ஆமாக்கா! காலை உதைக்குது!"

"கத்தாதே" என்றாள். ஆனால் அவள் குரலும் உடைந்துவிட்டிருந்தது. "வளந்த கரு, ஒண்ணோட ஒண்ணு சூடு குடுத்துக்கிட்டு இருந்திருக்கு. நடுவுல இருந்ததுனால தப்பிச்சிருக்கு."

நடுத்தட்டில் பாதிக்கு மேல் பிழைத்திருந்தன. மேல்தட்டில் இங்கொன்றும் அங்கொன்றும். எல்லாம் பார்த்து முடித்தபோது, பண்ணைக்காரம்மாவுக்குச் சொன்னதில் பாதியும் தேறவில்லை. அவள் எழுந்திருக்கவில்லை. ஸ்டூலிலேயே உட்கார்ந்து, இடப்பக்கம் அடுக்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையைக்கூட எடுக்காமல் அழுதாள். மைத்துனன் சன்னல் சாக்கை அவிழ்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளைத் தொட்டால் தட்டிவிடுவாளோ என்று பயந்து சல்லடை பக்கத்தில் சும்மா நின்றான்.

அப்போது கைப்பேசி மினுங்கியது. குருவியிடமிருந்து பதில், எல்லோரும் படிக்கிற இடத்திலேயே போட்டிருந்தது. அவன் அதைப் படிப்பதைப் பார்த்து அவள் கேட்டாள்.

"யாரு?"

"குருவி."

"என்னவாம்? திட்டியிருக்காங்களா? திட்டட்டும். படிங்க."

சல்லடை படித்தான். "'சேர்த்ததற்கு நன்றி. எங்களிடம் இப்போது இன்குபேட்டர் இல்லை, கொடுத்துவிட்டோம். அதனால் இடையில் பதில் எழுதத் தோன்றவில்லை. உங்கள் முட்டைகள் எப்படி இருக்கின்றன? வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?'"

அந்த ஆள் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று சல்லடை நினைத்தான்.

"கேக்குறாங்க இல்ல, பதில் போடுங்க. காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"என்ன போடறது?"

"நான் சொல்றேன், எழுதுங்க. 'பாதிக்கு மேல போயிடுச்சு. உங்க திருத்தத்தை அனுப்பின அன்னைக்கே சேத்திருந்தா ஒண்ணுகூடப் போயிருக்காது.'"

அவன் எழுதினான். சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தையையும் மாற்றாமல் எழுதினான்.

"வேற?"

"'உங்க ஈடு போனதுக்கு ரொம்ப வருத்தப்படறோம்.' அதையும் போடுங்க. அன்னைக்கே போட்டிருக்க வேண்டியது."

எழுதி முடித்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"உன் பேரைப் போட்டுடவா?" என்று கேட்டான்.

"எதுக்கு? நானா திருப்பி அனுப்பினேன்? உங்க பேர்லயே போகட்டும். இதை யாரெல்லாம் படிப்பாங்க?"

"எல்லாரும்."

"எப்ப வரைக்கும் இருக்கும்?"

"அங்க போட்டதை எடுக்க மாட்டோம். எப்பவும் இருக்கும்."

"அனுப்புங்க" என்றாள்.

அனுப்பினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிழைத்த முட்டைகள் இருந்த தட்டை இரண்டு கையாலும் தூக்கி, தம்பியிடம் நீட்டினாள்.

"நீயே உள்ள வை" என்றாள். "ஒயரைப் பாத்து."